லெபு ஆச்சே மாடியில் அரபு இலக்கிய வகுப்பு: சேரலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: சேரலாம். தயங்காமல் சேரலாம். உரைநடைப் பகுதி ஒன்றுக்கே கட்டிய காசு தகும். கவிதைப் பகுதியில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. நடத்துகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் அவற்றையும் விவரமாகவே எழுதுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபு ஆச்சே என்ற தெருப் பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கிறது இந்த வகுப்பு. நவீன அரபு உரைநடையும் கவிதையும் மொழிபெயர்ப்பில் படிக்கவேண்டும், அதுதான் பாடம். பத்து வாரத்துக்கு 250 வெள்ளி (ரிங்கிட்). மாணவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் பாதி. பேச்சு ஆங்கிலமும் மலாயும் கலந்து போகும். பெயர் போடுவதை அவர்கள் விரும்பவில்லை. அந்தப் பக்கம் போய் விசாரித்தால் மாடியைக் காட்டிவிடுவார்கள்.

நான் பட்டர்வொர்த்துக்காரி. ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் சுங்கப் பத்திரங்கள் பார்க்கிற வேலை. சின்ன வயதில் ஓதுகிற பள்ளிக்குப் போய் அலிஃப், பே படித்ததால் அரபு எழுத்தைக் கண்டால் வாய் தானாக வாசித்துவிடும், பொருள் தெரியாது. எங்கள் வீடுகளில் அரபு என்றால் குர்ஆன், தொழுகை, மௌலூது. அந்த மொழியில் ஒருவர் சர்க்காரைத் திட்டி நாவல் எழுதுவார், இன்னொருவர் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது காப்பி போடுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார் என்பதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சேர்ந்ததற்கு அதுதான் காரணம். இதற்கு முன் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தேன். அதில் கலீல் ஜிப்ரானின் பொன்மொழிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்கள், அத்தோடு முடித்துக்கொண்டார்கள். இது அந்த மாதிரி இல்லை.

இங்கே பாடம் நடத்தும் விதம்தான் விசேஷம். உஸ்தாஸா, அதாவது எங்கள் ஆசிரியை, கெடாவைச் சேர்ந்தவர், கெய்ரோவில் படித்தவர். எந்தப் புத்தகமானாலும் முதல் பக்கத்தை அரபியில் இரண்டு தடவை வாசிப்பார். அதுவரை யார் கையிலும் மொழிபெயர்ப்பு இருக்கக் கூடாது. அப்புறம்தான் தாள்களைக் கொடுப்பார். அரபு தெரியாதவர்களுக்கு இது எதற்கு என்று ஒரு தம்பி முதல் வாரமே கேட்டார். "அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று மட்டும் கேளுங்கள்" என்றார் உஸ்தாஸா. இரண்டாம் வாரத்திலேயே அந்தத் தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இதன் பலன் தாஹா ஹுசைனிடம் நன்றாகத் தெரிந்தது. எகிப்தின் கிராமத்தில் 1889-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே பார்வை போனவர். பின்னாளில் எகிப்தின் கல்வி அமைச்சரானவர். அவருடைய சுயசரிதையான 'அல் அய்யாம்', அதாவது 'நாட்கள்', முதல் பாகத்திலிருந்துதான் வகுப்பு தொடங்குகிறது. அதில் 'நான்' கிடையாது. தன்னையே 'அந்தச் சிறுவன்' என்று தள்ளி நின்று சொல்கிறார். சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுதியது அது. ஆங்கிலத்தில் படிக்கும்போது ஏன் இவர் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார் என்று அலுப்பு வரலாம். அரபியில் காதால் கேட்டுவிட்டுப் படித்தால், இது வாய்விட்டுச் சொல்லப்பட்ட உரைநடை, மடங்கி மடங்கி வருவதுதான் அதன் நடை என்று பிடிபடுகிறது.

அந்தச் சிறுவன் குர்ஆனை முழுதாக மனப்பாடம் செய்துவிட்டான் என்று வீட்டில் பெருமை. வாத்தியாருக்கும் பெருமை. அப்புறம் கவனிப்பார் இல்லாமல் எல்லாம் மறந்துபோகிறது. ஒரு நாள் தகப்பனார் விருந்தினர் முன்னால் ஓதச் சொல்கிறார். பையன் ஆரம்பிக்கிறான், தொடர முடியவில்லை, வேறோர் அத்தியாயம் சொல்லிப் பார்க்கிறார், அதுவும் வரவில்லை. இந்தப் பக்கத்தை வாசித்தபோது வகுப்பில் இருந்த மலாய் அக்காமார்களும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹஸ்ரத்தின் பிரம்புக்கு முன்னால் ஓதல் தொண்டையில் நின்றுபோன எல்லாருக்கும் அந்தப் பக்கம் சொந்தம். இன்னொரு இடத்தில் சாப்பாட்டுத் தட்டில் இரண்டு கையாலும் கவளம் எடுத்துப் பார்க்கிறான். அண்ணன் தம்பிகள் சிரிக்கிறார்கள், அம்மா அழுகிறார், அப்பா மெல்லச் சொல்கிறார் அப்படி எடுக்கக் கூடாது என்று. அன்று முதல் பிறர் முன்னால் எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று அவன் தனக்குத் தானே கட்டுப்பாடு போட்டுக்கொள்கிறான். ஒரு குழந்தையின் கூச்சத்தை இவ்வளவு பக்கத்தில் போய்க் காட்டிய எழுத்தை நான் அதிகம் படித்ததில்லை.

நகீப் மஹ்ஃபூஸ் சீக்கிரம் முடிந்துவிட்டது. 1988-ல் நோபல் வாங்கியவர், கெய்ரோ முந்நாவல், வீட்டுக்கு வெளியே ஒரு முகமும் உள்ளே ஒரு முகமும் காட்டுகிற குடும்பத் தலைவர். தேவையான அறிமுகம் கிடைத்தது. மூன்று தடித்த புத்தகங்களை ஒரு மாலையில் அடைக்க முடியாது. அதனால் குறை சொல்ல மாட்டேன்.

இந்த வகுப்பின் உச்சம் பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி. 'வெயிலில் மனிதர்கள்' 1963-ல் வந்த குறுநாவல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். மூன்று பலஸ்தீனர்கள், மூன்று வயது. குவைத்துக்குப் போய்ப் பிழைக்க வேண்டும், பத்திரம் இல்லை. பஸ்ராவில் ஒரு லாரி ஓட்டி, தன் காலித் தண்ணீர்த் தொட்டி லாரிக்குள் ஒளித்துக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். சோதனைச் சாவடி வரும்போது மட்டும் சில நிமிடங்கள் தொட்டிக்குள் இருக்க வேண்டும். ஆகஸ்ட் மாத வெயில். முதல் சாவடியைத் தாண்டிவிடுகிறார்கள். இரண்டாவதில், குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்திருக்கிற அதிகாரி, ஓட்டியின் தாளில் கையெழுத்துப் போடாமல், பஸ்ராவில் ஒரு நடனக்காரியோடு அவனுக்குத் தொடர்பாமே என்று கேலி பேசிக்கொண்டே இருக்கிறார். நேரம் போகிறது. வெளியே தொட்டி கொதிக்கிறது.

நான் இருபது வருஷமாகப் பத்திரங்களோடு இருக்கிறவள். ஒரு முத்திரை விழுவதற்கு ஐந்து நிமிடமும் ஆகும், அரை நாளும் ஆகும், சட்டம் ஒன்றுதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்து தே தாரிக் குடிக்கப் போகலாம், நேற்றைய பந்தாட்டத்தைப் பற்றிப் பேசலாம். அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை, யாரையும் துன்புறுத்தும் எண்ணமும் இல்லை. வெளியே லாரி நிற்பது அவர் கண்ணில் படாது, அவ்வளவுதான். கனஃபானி அந்த அறையை எழுதியிருக்கிற விதம் வேலை தெரிந்தவரின் எழுத்து. மேசை, தாள், பேனா, சிரிப்பு, குளிர்காற்று. கொடுமைக்காரன் யாரும் அந்த அறையில் இல்லை. மூன்று உயிர் போய்விடுகிறது. இதை வகுப்பில் சொன்னேன். உஸ்தாஸா என்னை எழுந்து நின்று, ஒரு பத்திரம் எங்கெங்கே போய் யார் யார் கையெழுத்து வாங்கி வெளியே வரும் என்று விளக்கச் சொன்னார். எல்லாரும் தாளை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்கள். அதற்கப்புறம் அந்த அத்தியாயத்தை மறுபடி ஒரு தடவை படித்தோம்.

கடைசியில் ஓட்டி, நீங்கள் ஏன் தொட்டிச் சுவரைத் தட்டவில்லை என்று பாலைவனத்தில் கத்துகிறான். இந்தக் கேள்விக்கு வகுப்பில் ஆளுக்கொரு பதில் வந்தது. உஸ்தாஸா எதையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. தவ்ஃபீக் சாலிஹ் 1972-ல் எடுத்த படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள், ஆனால் யார் காதிலும் விழவில்லை என்ற தகவலை மட்டும் சொல்லிவிட்டு எங்களிடமே விட்டுவிட்டார். அதே 1972 ஜூலையில் பெய்ரூத்தில் காரில் வைத்த குண்டு வெடித்துக் கனஃபானி இறந்தார், கூட இருந்த சகோதரி மகளும். அவருக்கு வயது 36.

சூடானின் தய்யிப் சாலிஹின் 'வடக்கே புலம்பெயரும் காலம்' நாவலுக்கு இரண்டு மாலை ஒதுக்கியிருந்தார்கள், அது சரியான கணக்கு. 1966-ல் அரபியில் வந்தது, டெனிஸ் ஜான்சன் டேவிஸ் 1969-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். லண்டனில் படித்துவிட்டு நைல் நதிக்கரைக் கிராமத்துக்குத் திரும்புகிற ஒருவர், அங்கே தனக்கு முன்பே லண்டனைப் பார்த்துவிட்டு வந்து அமைதியாக விவசாயம் செய்கிற ஒருவரைச் சந்திக்கிறார். அந்த விவசாயி முஸ்தஃபா சயீதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது கிராமத்துக் கிழவர்களோடு சமமாக உட்கார்ந்து, சிகரெட் பிடித்துக்கொண்டு, கூச்சமில்லாமல் பேசுகிற பின்த் மஜ்சூப் என்ற மூதாட்டி. அவர் பேச்சை மலாய் மொழிபெயர்ப்பில் உரக்க வாசிக்க யாரும் முன்வரவில்லை. உஸ்தாஸாவே வாசித்தார், ஒரு வரியையும் விடாமல். அதற்காகவே அவருக்கு என் மரியாதை.

நடுவில் ஒரு மாலை பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று நடந்தது. எல்லாரையும் கீழே இறக்கி, லெபு ஆச்சே பள்ளிவாசல் வரை நடத்திக் கூட்டிப்போனார். ஆச்சேயிலிருந்து வந்த அரபு வம்சத்து வியாபாரி சையது ஹுசைன் 1808-ல் கட்டிய பள்ளி. ஒரு காலத்தில் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் வந்து தங்கிய தெரு. அங்கே நின்றுகொண்டு சையது ஷேக் அல் ஹாதியைப் பற்றிச் சொன்னார். மலாக்காவில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 1934-ல் இங்கேயே இறந்தவர். 1927-ல் ஜெலுத்தோங் பிரஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கியவர். அதற்குச் சற்று முன்னால் பினாங்கில் வெளிவந்த 'ஃபரீதா ஹானும்' என்ற அவருடைய மலாய் நாவலின் கதை நடப்பது கெய்ரோவில். படித்த எகிப்தியப் பெண் ஒருத்தி, தன் கல்யாணத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்கிறாள். கெய்ரோவின் புதிய உரைநடையும் பெண் கல்விப் பேச்சும் கப்பலேறி வந்து இந்தத் தீவில் மலாயில் அச்சாகியிருக்கின்றன, நூறு வருஷத்துக்கு முன்னால். நான் வாரத்துக்கு எத்தனையோ தடவை அந்த வழியாகப் போகிறவள். யாரும் இதைச் சொன்னதில்லை. பத்து வாரத்தில் இந்த ஒரு மாலைக்காக மட்டும் வந்தாலும் நஷ்டமில்லை.

இனி கவிதை. ஆரம்பம் அருமை. பழைய அரபுக் கவிதையில் ஒவ்வோர் அடியும் இரண்டு பாதியாக நிற்கும், கவிதை முழுக்க ஒரே இயைபு ஓடும். கலீல் இப்னு அஹ்மத் எட்டாம் நூற்றாண்டில் வகுத்த யாப்புக் கணக்கு அது. 1947-ல் எகிப்தில் காலரா பரவியபோது, பாக்தாதிலிருந்த நாசிக் அல் மலாயிகா அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பிணவண்டி இழுக்கும் குதிரைகளின் குளம்புச் சத்தம் கவிதைக்குள் வரவேண்டும் என்று அடிகளை நீட்டியும் குறுக்கியும் எழுதினார். அதே சமயத்தில் பஸ்ரா பக்கத்து ஜைக்கூர் கிராமத்து பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாபும் அந்த வழியில் இறங்கினார். யார் முதலில் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

உஸ்தாஸா இதை விளக்கக் கையைத் தட்டினார். முஸ்தஃப்இலுன், முஸ்தஃப்இலுன். ஒரே வாய்பாடு, ஓர் அடியில் இரண்டு வரும், அடுத்த அடியில் நாலு வரும். எனக்குப் பக்கத்தில், பிறை ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிற சார் ஒருவர் உட்காருவார். அவர் காதோடு சொன்னார்: "அக்கா, இது நம்ம சீர் கணக்குதான். அடிக்கு இத்தனை சீர்ங்கிற கட்டை மட்டும் அவுத்துவிட்டிருக்காங்க." எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாம் புதுக்கவிதை என்றவுடன் யாப்பையே விட்டுவிட்டோம். அவர்கள் சீரை வைத்துக்கொண்டு அடியை மட்டும் விடுவித்தார்கள். நம் புதுக்கவிதைக்கு இணையானது அதற்கப்புறம் பெய்ரூத்தில் வந்த உரைநடைக் கவிதைதான். யூசுஃப் அல் ஹாலும் அதோனிஸும் அங்கே 'ஷிஅர்' பத்திரிகையைத் தொடங்கியது 1957. சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியது 1959. மேற்கத்திய இறக்குமதி என்ற வசை இரண்டுக்கும் கிடைத்தது. சார் எழுந்து இதைச் சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அஸ்ஸய்யாபின் 'மழைப் பாடலை' என்னை வாசிக்கச் சொன்னார்கள், எழுத்துக் கூட்ட வரும் என்பதால். காதலியின் கண்கள் விடியலுக்கு முந்தைய ஸஹர் நேரத்துப் பேரீச்சந்தோப்புகள் என்று தொடங்கும். போகப்போக, மழை பெய்தும் ஈராக்கில் பசி தீராத கவிதையாக அது மாறிவிடும். நடுநடுவே மதர், மதர், மதர் என்று மழையைக் கூப்பிட்டபடியே இருக்கும். ஓதுகிற பள்ளியில் பழகின வாய்க்கு அந்த ஓட்டம் எளிதாக வந்தது. இத்தனை வருஷம் பொருள் தெரியாமல் கூட்டிக்கொண்டிருந்த எழுத்துகளில், ஒரு வயற்காட்டுக் கவிஞனின் பசியும் ஏக்கமும் என் வாயிலிருந்து வந்தது எனக்குப் பெரிய விஷயம். வாசித்து முடித்ததும் என் குரல் கரகரத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் என் மனக்குறை. கையில் கொடுத்த ஆங்கிலத் தாளில் அந்தத் தாளம் இல்லை. மொழிபெயர்ப்பில் யாப்பு வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்துவிட்டு, இதுதான் கவிதை என்பதுபோலப் பேசிக்கொண்டு போனது சரியில்லை. இந்தக் கவிதைக்கு ஆங்கிலத்திலேயே ஒன்றுக்கு மேல் உண்டு. இரண்டை அக்கம்பக்கமாக வைத்திருந்தால், எந்த மொழிபெயர்ப்பாளர் எதைக் காப்பாற்றினார், எதைக் கைவிட்டார் என்று நாங்களே கண்டுபிடித்திருப்போம். உரைநடைக்கு அவ்வளவு நிதானம் காட்டியவர்கள் கவிதைக்கு ஏன் அவசரப்படவேண்டும்?

தமிழும் அந்த மேசைக்கு வந்திருக்கலாம். பலஸ்தீனக் கவிதைகளை ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். சார் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தார். வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனாலும் மஹ்மூத் தர்வீஷ் கவிதை ஒன்றை அவர் தமிழில் வாசித்தபோது மற்றவர்களும் கேட்டார்கள். மலாயும் ஆங்கிலமும் உள்ள பாடப் பட்டியலில் தமிழுக்கும் இரண்டு தாள் இடம் இருக்கிறது. இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தர்வீஷுக்கு ஒதுக்கிய மாலை நன்றாகவே போனது. 1982 ஆகஸ்டில் பெய்ரூத் முற்றுகையின்போது ஒரே ஒரு நாளைப் பற்றி அவர் எழுதிய உரைநடையிலிருந்து சில பக்கங்கள். விடியற்காலையில் குண்டு விழுகிறது, அவருக்குக் காப்பி வேண்டும், அடுப்படிக்குப் போனால் கண்ணாடி ஜன்னல். தண்ணீர் எவ்வளவு, தூள் எப்போது, எப்படிக் கலக்குவது என்று கை நடுங்காமல் எழுதிக்கொண்டே போகிறார். இது கவிதையா உரைநடையா என்று கேட்டவருக்கு உஸ்தாஸா, இன்னொரு தடவை வாசியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கடைசி வாரம்தான் இந்த வகுப்பின் பெரிய பலவீனம். வளைகுடா எழுத்து, பெண் எழுத்தாளர்கள், இன்றைய நாவல், எல்லாவற்றையும் ஒரே மாலையில் திணித்துவிட்டார்கள். ஓமானின் ஜோஹா அல்ஹார்தி 'செலஸ்டியல் பாடீஸ்' நாவலுக்காக 2019-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு வாங்கினார். அரபு நாவலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. பரிசுத் தொகையில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் மர்லின் பூத்துக்கு. மொழிபெயர்ப்பில் இலக்கியம் படிக்கிற வகுப்பில் இதைவிடப் பொருத்தமான புத்தகம் ஏது? ஓமான் கிராமத்து மூன்று சகோதரிகள், மூத்தவளின் மாமனார் வீட்டுக்கு அடிமையாக வாங்கப்பட்ட ஸரீஃபா. ஓமானில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1970-ல்தான். பேச எவ்வளவோ இருந்தது, கிடைத்தது இருபது நிமிடம். லெபனானின் ஹனான் அஷ்ஷேக் பெயரோடு போய்விட்டார். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். நாங்கள் கேட்டோம், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். நகல் தாள்களில் ஓரத்து வரிகள் வெட்டுப்பட்டிருக்கும், முன்கூட்டியே கேட்டால் மென்நகல் அனுப்புகிறார்கள். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் வாசிப்பு சரியாகக் கேட்காது. வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடியாது, அக்கரைக்குப் போகிறவர்கள் ஃபெரி நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் தேநீரும் கூய் பலகாரமும் உண்டு, கட்டணத்திலேயே சேர்த்தி.

மதப் பாடத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான், அரபு மொழி பேசக் கற்றுக்கொள்வதற்கும் இது இடமில்லை. படித்துவிட்டு வராதவர்களுக்கும் சிரமம்; உஸ்தாஸா கதைச் சுருக்கம் சொல்வதே இல்லை. அடுத்த சுற்று ஹரிராயாப் பெருநாளுக்கு அப்புறம். சேர்கிறவர்கள் கனஃபானியின் குறுநாவலை முன்னாலேயே ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள். பாடத்திட்டம் மாறாமல் இருந்தால் நாலாவது வாரம் அதுதான். என் விண்ணப்பம் இரண்டு: அல்ஹார்திக்கு முழு மாலை, எகிப்தின் யூசுஃப் இத்ரீஸின் சிறுகதை ஒன்றாவது.